ஞாயிற்றுக்கிழமைச் சுத்தியல்

“அம்மா, ஞாயித்துக்கிழமை சுத்தியல் அடிச்சா பாவமா?”

என் மகள் மிரே இதைக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. உடம்பெல்லாம் சின்னம்மைக் கொப்புளங்கள். நானும் என் கணவன் ரொலானும் பூசை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தோம். மேல்கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே, கேள்வியைச் சரியாகக் காதில் வாங்காமல், “பாவந்தான். போய்க் கை கழுவிட்டு வா, சூப் ஆறுது” என்றேன். அவள் நகரவில்லை. வலது கையை இறுக மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண் கலங்க என்னையே பார்த்தாள். கொப்புளம் அரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். குழந்தைகளின் கேள்விகளில் பாதிக்கு நாம் மேல்கோட்டைக் கழற்றும்போதுதான் பதில் சொல்கிறோம். அந்த ஒரு பதிலால் எத்தனை வருடம் தவறான வாசலில் போய் நின்றேன் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அது தொண்ணூற்று நான்காம் வருடத்து அக்டோபர் மாதம். கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே நாடா போல் நீண்டு கிடக்கும் எங்கள் ஊரில், நானும் ரொலானும் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அது முடிகிறவரை, பக்கத்து வயலுக்கு அப்பால் எவோன் அம்மாளின் மாடியில் குடியிருந்தோம். நான் இந்த ஊர்க்காரி. ரொலான் உள்நாட்டில், அடர்ந்த காடுகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் தென்கிழக்குக் காற்றுக்கு நாங்கள் சுவெத் என்று பெயர் வைத்திருக்கிறோம். மலை திடீரென்று கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டதுபோல் மரம் மரமாகத் தெரிந்தால் சுவெத் வரப்போகிறது என்று அர்த்தம். கொடியில் துணி இருந்தால் ஓடிப்போய் எடுப்போம். ரொலானுக்கு அந்தத் தெளிவு அழகாகத்தான் தெரிந்தது. “பாரேன், இன்னிக்கு மலை எவ்வளவு கிட்ட இருக்கு!” என்று மகளைத் தூக்கிக் காட்டுவான். நான் சிரிப்பேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை கூட்டுறவுக் கடைக்குப் போனோம். கூரைப் பலகை அடித்தாகிவிட்டது. மேலே வேய வேண்டிய ஓடு செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவரை பலகை நனையாமலிருக்கத் தார்த் தாள் விரித்து அடிக்க வேண்டும். வீட்டுக்குள் சுவருக்கு வைக்கும் பஞ்சுப் பாளங்கள், தரைப் பலகைகள் என்று எங்களுக்கு இருந்ததெல்லாம் அந்தக் கூரைக்கடியில்தான் அடுக்கிக் கிடந்தன. நனைந்தால் மறுபடி வாங்க வழியில்லை.

ரொலான் அலமாரியிலிருந்து எடுத்தது சுத்தியல் ஸ்டேப்ளர். சுத்தியலைப்போல வீசி அடித்தால் அடிக்கு ஒரு ஸ்டேப்பிள் பலகையில் இறங்கிவிடும். ஒரு கை போதும். மறு கையால் தாளைப் பிடித்துக்கொள்ளலாம். அவன் ஊரில் அதை வைத்து எத்தனையோ கூரைகளை முடித்தவன்.

“தம்பி, அது வேணாம். தொப்பி ஆணி வாங்கு.”

சொன்னவர் லெவி, ஊர்வழக்கில் மார்சேலோட லெவி. அப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். நண்டும் மீனும் பிடிப்பவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு கயிறு வாங்க வந்திருந்தார்.

“இதுல ஒரே நாள்ல முடிச்சிருவேன்” என்றான் ரொலான். “ஒவ்வொரு ஆணியா அடிச்சுட்டிருந்தா மூணு நாள் ஆகும்.”

“ஒரு நாள்ல முடிச்சிருவே. சுவெத் ஒரு நிமிஷத்துல பிரிச்சிரும். ஸ்டேப்பிள் கம்பி எவ்வளவு மெல்லிசு பாரு. காத்து தாளைத் தூக்கிச்சுன்னா கம்பி அங்கயே இருக்கும், தாள் மட்டும் கிழிஞ்சு போயிரும். ஆணித் தலைக்குக் கீழ காசு மாதிரி ஒரு வட்டம் இருந்து அழுத்திப் பிடிச்சாத்தான் தாங்கும்.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எடைமேசைக்குப் பக்கத்தில் நின்ற யாரோ, “விடுங்க லெவி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மக்தலேன் தீவுக்காரங்களுக்கு ஓசியில கூரைத் தாள் கிடைக்கட்டும்!” என்றதும் கடையே சிரித்தது. ரொலானின் காது சிவந்தது. அவன் கெட்டவன் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவன், மாமியார் ஊரில் வீடு கட்டுகிறவன், எல்லார் முன்னாலும் சிரிப்புக்கு ஆளானவன். அவன் பார்வை லெவியின் இடது கையில் விழுந்தது. வலை இழுக்கும் இயந்திரத்தில் கயிறு சுற்றி, அந்தக் கையின் கட்டைவிரல் போய்ப் பல வருடங்களாகியிருந்தன.

“கட்டைவிரல் இல்லாதவர் வந்து எனக்கு ஆணி அடிக்கக் கத்துக்குடுக்கறாரா?”

சிரிப்பு நின்றுவிட்டது. லெவி தன் கையை யாருடையதோ போல ஒரு தடவை பார்த்தார். பிறகு அதை மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கயிற்றோடு வெளியே போய்விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ‘தப்பு, மன்னிப்புக் கேள்’ என்று சொல்லியிருக்கலாம். கைப்பையைத் திறந்து இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ரொலான் கூரை முழுக்கத் தாள் அடித்துவிட்டான். கறுப்பாக, நேராக, பார்க்க லட்சணமாக இருந்தது. சனிக்கிழமை விடிந்தபோது மலை கிட்ட வந்திருந்தது. பத்து மணிக்குள் மலைப்பக்கக் கூரையின் தாள் ஓரத்தில் படபடக்க ஆரம்பித்து, ஒரு பெருமூச்சு வாங்கி, பாய்மரம்போல் எழுந்தது. அப்புறம் வரிசை வரிசையாகக் கிழிந்துகொண்டு கடலுக்குப் போனது. ரொலான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏற முடியவில்லை, ஏறினால் அவனும் போயிருப்பான். எவோன் அம்மாளின் ஜன்னலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் ஸ்டேப்பிள்கள் மட்டும் வெயிலில் மினுமினுத்தன. அவர் சொன்னது சொன்னபடியே நடந்திருந்தது.

ஞாயிறு காலை காற்று ஓய்ந்துவிட்டது. சாயங்காலம் பெருமழை என்று வானொலி சொன்னது. கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்கக்கூடாதென்று அப்போதெல்லாம் சட்டமே இருந்தது. தாளும் இல்லை. கிழிந்த துண்டுகளையாவது வைத்து அடிக்கிறேன் என்று ரொலான் ஏணியைத் தூக்கினான்.

“முதல்ல பூசை” என்றேன். “ஆண்டவர் நாள்ல சுத்தியல் சத்தம் கேட்டா ஊர் என்ன சொல்லும்? பூசை முடிஞ்சு எங்க அண்ணன்கிட்டத் தார்ப்பாய் இருக்கான்னு கேப்போம்.”

“மழை பூசை முடியுறவரைக்கும் காத்திருக்குமா கோலெத்?”

“காத்திருக்கும். வா.”

நான் அப்படித்தான் இருந்தேன். மிரேயை எவோன் அம்மாளிடம் விட்டுவிட்டுப் போனோம். எவோன் அம்மாளுக்குக் கால் வராது, காதும் மந்தம். வானொலிப் பூசையைச் சத்தமாக வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே கண்ணசந்துவிடுவார்.

கோவிலில் தூணுக்குப் பக்கத்து மூன்றாம் வரிசையில் லெவியின் இடம் காலியாக இருந்தது. எந்த ஞாயிறும் தவறாதவர் என்பதால் எல்லாரும் கவனித்தார்கள். பூசை முடிந்து படியில் நின்று பேசும்போது ஒருத்தி அதைச் சொல்ல, நான் சொன்னேன்: “அவருக்குக் காத்துன்னாத்தான் பயம், கடவுள்னா பயமில்ல போலிருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை கடையில் என் கணவன் பட்ட சிரிப்புக்கு அது பதில் என்று எனக்குத் தோன்றியது. நான் நினைத்ததைவிட அந்த வார்த்தை நன்றாக ஒட்டிக்கொண்டது. பல வருடங்கள் கழித்துக்கூட அவர் கோவில் வாசலில் தென்பட்டால் யாராவது, “என்ன லெவி, இன்னிக்குக் காத்து இல்லையோ?” என்பார்கள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

அண்ணன் வீட்டில் தார்ப்பாய் இல்லை. வெறுங்கையோடு திரும்பியபோதுதான் மிரே அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் கை கழுவச் சொன்னேன். ரொலான் ஜன்னல் பக்கம் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

“கோலெத், இங்க வா.”

வயலுக்கு அப்பால் எங்கள் கூரை கறுப்பாக இருந்தது. கறுப்பின் மேல் நீல நிறத்தில் புள்ளிகள், வரிசை வரிசையாக.

ஓடினோம். எங்கள் தாள் இல்லை அது. பழைய சுருள், கனமானது. யாரோ தன் கொட்டகைக்கென்று எடுத்து வைத்திருந்ததாக இருக்கும். கடையில் விற்கும் தொப்பி ஆணியும் இல்லை. மீனுக்கு இரை போட்டு வைக்கும் நீலப் பிளாஸ்டிக் தொட்டியைக் கத்திரித்து, கையால் வெட்டிய வட்டங்கள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஆணி. ரொலான் ஏணியில் ஏறித் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இறங்கி வந்து பலகைக் குவியலில் உட்கார்ந்துகொண்டான்.

“யாருன்னு தெரியல” என்றான். “ஆனா இவ்வளவு வட்டத்தையும் ராத்திரியே வெட்டி வச்சிருக்கணும்.”

அன்று மாலை மழை வந்தது. ரொலான் முடியாத வீட்டுக்குள் போய், பஞ்சுப் பாளங்களின் நடுவே படுத்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை.

யாரென்று யாரிடமும் விசாரிக்க முடியவில்லை. விசாரித்தால் ஒரு மனிதர் பூசையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தார் என்று ஊருக்கு நாமே அறிவிப்பது போலாகிவிடும். உதவி செய்தவருக்கு அதுவா கைம்மாறு? வாயை மூடிக்கொண்டோம். பத்து நாள் கழித்துப் படுக்கப்போகும்முன் செபம் சொல்லும்போது மிரே, அப்பா, அம்மா, எவோன் அம்மாள், பூனை எல்லாரையும் ஆசீர்வதிக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: “லெவி மார்சேலை நரகத்துக்கு அனுப்பிராத சாமி. அவர் நல்லவர்.”

ரொலானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப்பெயர். அதனால் அப்பா பெயரைச் சேர்த்துத்தான் ஆளைச் சொல்வோம். மார்சேலின் மகன் லெவி என்றால் மார்சேலோட லெவி. லெவி என்ற இன்னொருவரின் மகன் மார்சேல் என்றால் லெவியோட மார்சேல். இரண்டு பேரும் இருந்தார்கள், உறவுகூட இல்லை. நான்கு வயதுக் குழந்தையின் வாயில் எந்தப் பெயர் முதலில் என்பது தடுமாறும்; நடுவிலிருக்கும் அந்த ‘ஓட’ உதிர்ந்தே போயிருந்தது. அதைத் தூக்கி எங்களுக்குப் பிடித்த இடத்தில் நாங்களே வைத்துக்கொண்டோம். லெவியோட மார்சேல் தச்சர், சிரித்த முகம், எங்களுக்கு ஏணி இரவல் கொடுத்தவர். கோவிலில் மேல்மாடத்தில் நின்று பாடுகிறவர். அன்று அங்கே இருந்தாரா இல்லையா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. வேறு யாராக இருக்க முடியும்? மூன்றாம் வரிசைக் காலி இடம் எனக்கு நினைவுக்கு வராமலில்லை. ஆனால் கட்டைவிரல் இல்லாத கையால் ஆணியைப் பிடிக்க முடியாதே. அதோடு, நாம் யாரைப் புண்படுத்தினோமோ அவர் கையிலிருந்து நல்லது வரும் என்று மனசு எதிர்பார்ப்பதில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட பட்டே ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு லெவியோட மார்சேல் வீட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசக்கூடாதே என்று, “நீங்க செஞ்ச உதவிக்கு” என்று மட்டும் சொன்னோம். “அட, அதுல என்ன இருக்கு” என்றார் அவர், முகம் மலர்ந்து. அதற்கப்புறம் ஒரு கிறிஸ்துமஸ்கூடத் தவறவில்லை.

அந்த வீட்டில் நல்ல வருடங்கள் கிடைத்தன. சுவெத் அடிக்கும் நாட்களில் மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து சீட்டாடுவோம். கூரை முனகும்போது ரொலான் மேலே பார்த்து, “பிடிச்சுக்கோங்க வட்டங்களே” என்பான். மிரே சிரிப்பாள். ஓடுகளுக்கடியில் அந்த நீல வட்டங்கள் இருக்கின்றன என்ற நினைப்பே எங்களுக்குப் போர்வை மாதிரி. ஒரு தடவை, எதையோ பேசிக்கொண்டிருந்தவன், “அன்னிக்குக் கடையில லெவிகிட்ட நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. போய்ச் சொல்லிரணும்” என்றான். சொல்லிவிடு என்றேன். இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருட வசந்தத்தில் அவன் இறந்துபோனான். சொல்லவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பட்டேயோடு நான் தனியாகப் போனேன். லெவியோட மார்சேலுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியும் போய்விட்டாள். தட்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

“கோலெத், கோச்சுக்காதே. நானும் சாகறதுக்குள்ள ஒண்ணு கேட்டுரணும். ரொலான் இருந்தவரைக்கும் கேக்க வெக்கமா இருந்துச்சு.”

“கேளுங்க.”

“இந்தப் பட்டே எதுக்கு?”

“நீங்க செஞ்ச உதவிக்குத்தான்.”

“ஒரு ஏணியை இரவல் குடுத்தேன் பொண்ணே. ஒரே ஒரு ஏணி. அதுக்கு இருபத்தஞ்சு பட்டேயா? என் பொண்டாட்டி சாகறவரைக்கும் என்னைச் சந்தேகப்பட்டா. ‘அந்தக் குடும்பத்துக்கு நீ என்னய்யா பண்ணே, உண்மையைச் சொல்லு’ன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. ‘கூரைத் தாள், ஞாயிற்றுக்கிழமை’ என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“நான் மேல பாடிக்கிட்டுல்ல இருந்தேன். அன்னிக்கு எனக்குத் தனிப்பாட்டு. நீங்க கேக்கவே இல்லையா?” என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் மிரேயைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள் அங்கே பேருந்து ஓட்டுகிறாள்.

“என்னம்மா, யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? நான்தான் செபத்துல சொன்னேனே. மார்சேலுக்குப் பட்டே அந்த ஏணிக்குன்னுல்ல நினைச்சேன்” என்றாள். “எவோன் அம்மா தூங்கினதும் நான் பூட்ஸை மாட்டிக்கிட்டு வயல்ல ஓடிட்டேன். கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவருக்குக் கட்டைவிரலே இல்ல. அதான் எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. ஆணியை அந்த வட்டத்துல குத்தி, வட்டத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல இடுக்கிக்குவார். ஆணி தானா நிக்கும். நாலஞ்சு தடவை விரல்லயே அடிச்சுக்கிட்டார். கீழ இறங்கி வந்து எனக்கு ஒரு வட்டம் குடுத்து, ‘இது உன் வாய்க்குப் பூட்டு’ன்னார். நீங்க பாவம்னு சொன்னதும் பயந்துட்டேன்.” பிறகு சொன்னாள்: “அந்த வட்டம் இன்னும் என்கிட்ட இருக்கும்மா.”

ஒரு கையால் வீசி அடிக்கும் சுத்தியல் ஸ்டேப்ளர் அவரைப் போன்றவருக்குத்தான் எவ்வளவு வசதி! இரண்டு கையும் பத்து விரலும் வேண்டிய வேலையை அவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்று அன்றிரவு யோசித்துக்கொண்டு கிடந்தேன். அது ஒன்றுதான் தாங்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே இன்னொரு பட்டே சுட்டு எடுத்துக்கொண்டு மார்சேலோட லெவியின் வீட்டுக்கு இறங்கிப் போனேன். படகுத்துறைக்கு மேலே, மலையைப் பார்த்த வீடு. அவர் கதவைப் பாதி திறந்து நின்றார்.

“எந்தக் கூரை?” என்றார்.

“எங்க கூரைதான். தொண்ணூத்தி நாலுல.”

“எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். படுத்திருந்தேன்.”

“மிரே பாத்திருக்கா, லெவி.”

“சின்னப் புள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சு. காய்ச்சல் வேகத்துல என்னென்னமோ தெரியும்.” அவளுக்கு அம்மை போட்டிருந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. “பட்டே உப்பு. டாக்டர் கூடாதுன்னுட்டார். மார்சேலுக்கே குடு, அவனுக்குப் பழகிருச்சு.”

கதவு மூடியது. கோபமாக இல்லை, மெதுவாகத்தான். நான் படியிலேயே நின்றேன். ரொலான் சொல்லவேண்டியதும் நான் சொல்லவேண்டியதும் என்னிடமே தங்கிவிட்டன. கோவில் படியில் நான் சொன்ன அந்த வார்த்தையும்தான். நன்றியை வாங்கிக்கொள்ளாத மனிதரிடம் மன்னிப்பை மட்டும் எப்படிக் கொடுப்பது?

அடுத்த அக்டோபரில் அவர் தன் வீட்டின் மலைப்பக்கச் சுவரைப் புதுப்பித்தார். வெளியூரிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து சுவரை மூடியிருந்த பழைய மரச்செதில்களையெல்லாம் பெயர்த்தார்கள். புதுப் பலகை அடித்து, அதன்மேல் ஈரம் புகாத வெள்ளைத் தாளைச் சுவர் முழுக்கச் சுற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போய்விட்டார்கள். நான் தபால் நிலையத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். வெறும் ஸ்டேப்பிள். அதுவும் கை நீளத்துக்கு ஒன்றாக, தள்ளித் தள்ளி. பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் அடித்துத் தருகிறோம் என்றாராம். லெவி, “வேணாம், திங்கக்கிழமை வந்துருவாங்க” என்றாராம்.

சனிக்கிழமை காலை மலை கிட்ட வந்திருந்தது. ஞாயிறு மதியத்துக்குமேல் சுவெத், பின்னாலேயே மழை என்று வானொலி சொன்னது.

கூட்டுறவுக் கடைக்குப் போனேன். இப்போது எத்தனையோ வகை வந்துவிட்டது. கடைப்பெண் எடுத்து எடுத்துக் காட்டினாள். காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி இருந்தது. அதற்கு இயந்திரமும் குழாயும் வேண்டும், ஊரே திரும்பிப் பார்க்கும். பழைய சுத்தியல் ஸ்டேப்ளரும் அதே இடத்தில் தொங்கியது. பிறகு தொப்பியையும் ஸ்டேப்பிளையும் ஒரே அடியில் இறக்குகிற கருவி ஒன்று. கையால் அடிக்கும் தொப்பி ஆணிகளும் பெட்டியில் இருந்தன. என் கை பெட்டியைத்தான் நோக்கிப் போனது. அவர் எனக்குச் செய்ததுபோல நானும் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. இது காணிக்கை இல்லை. பூசை நேரத்துக்குள் ஒரு சுவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே அடியில் இரண்டையும் இறக்கும் கருவியை எடுத்துக்கொண்டேன். மூலைகளுக்கென்று ஒரு பிடி தொப்பி ஆணியும் வாங்கினேன்.

“உங்களுக்கா?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான்” என்றேன். பொய்யில்லை.

ஏணிக்கு லெவியோட மார்சேலிடம் போனேன். அதே ஏணிதான், இரண்டு படி மட்டும் மாற்றியிருந்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. என் கையிலிருந்த கடைப் பொட்டலத்தைப் பார்த்தார், கீழே படகுத்துறைப் பக்கம் பார்த்தார்.

“இதுக்கும் இருபத்தஞ்சு வருஷம் பட்டே உண்டா?”

“அவ்வளவு வருஷம் இருப்பீங்களா?”

“பட்டே வர்றதா இருந்தா இருந்து பாக்கறேன்” என்று சிரித்தார். “நாளைக்கு மேல சத்தமாப் பாடுறேன். நீளமாவும் பாடுறேன்.”

ஞாயிறு காலை லெவியின் அக்கா மகன் காரில் வந்து அவரைக் கோவிலுக்கு அழைத்துப்போனான். கார் வளைவில் மறையும்வரை என் சமையலறையில் நின்றேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து, பிள்ளை பெற்ற வாரத்தைத் தவிர, நான் ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ஏணியை வண்டியில் கட்டி, கீழே இறங்கினேன்.

அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்தும் எல்லாரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். துறையில் கடல் பறவைகளைத் தவிர யாருமில்லை. வெள்ளைத் தாள் ஏற்கெனவே மெல்ல உள்ளே ஒடுங்குவதும் வெளியே உப்புவதுமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கீழ் வரிசையிலிருந்து தொடங்கினேன். பலகைக்குப் பின்னாலுள்ள சட்டத்தைத் தட்டிப் பார்த்து, அதன்மேல் ஒரு அடி. ஒரு வட்டம் வந்து உட்காரும். ஒரு முழம் தள்ளி இன்னொன்று. ஐம்பத்தேழு வயதுத் தோள் மூன்றாவது வரிசையிலேயே முணுமுணுக்கத் தொடங்கியது. ஏணியை நகர்த்தி, ஏறி, அடித்து, இறங்கி, மறுபடி நகர்த்தினேன். கோவில் மணி ஒருமுறை அடித்தது. நற்கருணை உயர்த்துகிற நேரம். ஏணியில் நின்றபடியே தலை குனிந்தேன். பிறகு அடித்தேன்.

அடுத்த ஞாயிறு கோவில் படியில் கேட்பார்கள். போன வாரம் காணோமே, காய்ச்சலா என்பார்கள். யாராவது அதை வைத்து ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பை அவர் வருடக்கணக்காகச் சுமந்திருக்கிறார். என் பங்கு என்னிடம் வந்து சேரட்டும்.

உச்சியில், மலையைப் பார்த்த மூலைக்கு வந்தபோது கருவியில் தொப்பிகள் தீர்ந்துபோயின. தாளின் ஓரம் சுருண்டு அடித்துக்கொண்டிருந்தது. காற்றின் முதல் விரல்கள் என் கழுத்தில் பட்டன. மலை இன்னும் கிட்ட வந்திருந்தது. ஒவ்வொரு மரமாக எண்ணலாம் போலிருந்தது. இடுப்பில் செருகியிருந்த சுத்தியலையும் சட்டைப் பையிலிருந்து ஆணிகளையும் எடுத்தேன். பன்னிரண்டு.

முதல் ஆணியை எப்போதும்போல் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தேன். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்பதால், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். வட்டத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே இடுக்கினேன். ஆணி ஆடியது. சுத்தியல் நேராக என் விரலில் விழுந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டாவது தடவையும் விரல்தான். மூன்றாவது அடியில் ஆணி இறங்கியது.

பன்னிரண்டாவது இறங்கும்போது கீழே சாலையில் இன்னும் ஒரு கார்கூட வரவில்லை. மேல்மாடத்தில் ஒருவர் பாட்டை நீட்டிக்கொண்டிருக்கிறார் போலும். ஏணியிலிருந்து இறங்கி, உதிர்ந்த ஸ்டேப்பிள்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். புல்லில் ஏணிக் கால்கள் பதிந்த இடத்தைப் பூட்ஸால் தேய்த்தேன். அப்போது மலையிலிருந்து முதல் பெருங்காற்று இறங்கி வந்தது. வெள்ளைச் சுவர் முழுவதும் ஒரு தடவை மூச்சை இழுத்தது. இழுத்த மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டு, வட்டம் வட்டமாக, அசையாமல் நின்றது.